மோசமான 1/72 டி-34/85 கிட்: வார்கேம் மேசைக்கு எப்படித் தேற்றுவது?

கார்த்தி_72 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 1944 கோடையில் பெலாரஸில் ஜெர்மன் படைகள்மேல் சோவியத் நடத்திய பக்ராத்தியோன் படையெடுப்பை வைத்து எங்கள் குழுவில் ஒரு வார்கேம் (மாடல் படைகளை மேசைமேல் நகர்த்தி ஆடுகிற போர் விளையாட்டு) தொடர் ஆடப்போகிறோம். எனக்குச் சோவியத் பக்கம். ஒரு டேங்க் கம்பெனி முழுசாக வேண்டும், அதாவது பத்து டி-34/85 (85 மி.மீ. பீரங்கி வைத்த சோவியத் டேங்க்): மூன்று மூன்றாக மூன்று பிளட்டூன், கம்பெனி கமாண்டருக்கு ஒன்று.

மூடப்போகிற ஒரு கடையில் பத்து கிட்டும் (துண்டுகளை ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் மாடல்) மொத்தமாகக் கிடைத்தன. பெட்டியில் 1/72, அதாவது நிஜ வண்டியில் 72-இல் ஒரு பங்கு அளவு, என்று போட்டிருக்கிறது. விலை குறைவு, தரமும் அதற்கேற்ற மாதிரிதான். பீரங்கிக் குழல் இரண்டு பாதியாக வருகிறது, ஒட்டினால் ஒன்றுக்கொன்று நேராக உட்காரவில்லை. டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற சங்கிலிப் பட்டை) ஒரே துண்டு ரப்பர், சக்கரங்களுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. டரெட் (பீரங்கியோடு சுழல்கிற மேல்கூண்டு) குளித்துவிட்டு வந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழ என்று இருக்கிறது. கைப்பிடிகள் எல்லாம் பிளாஸ்டிக் மேடுகள். பின்பக்க இன்ஜின் மூடியில் கம்பிவலை இருக்கவேண்டிய இடத்தில் சும்மா கோடு கிழித்திருக்கிறார்கள்.

கண்காட்சிக்கு வைக்கப்போவதில்லை. பத்தையும் மேசைமேல் தூக்கித் தூக்கி வைத்து ஆட வேண்டும். எதைச் சரிசெய்யலாம், எதை அப்படியே விடலாம்?


எட்டாம் நம்பர் பிளேடு எழுதியது:

பேசாமல் வேறு கிட் வாங்கிவிடுங்கள், தம்பி. பிளாஸ்டிக் சோல்ஜர் கம்பெனியின் 1/72 டி-34 பெட்டியில் மூன்று டேங்க் வரும், 76 மி.மீ. பீரங்கி டரெட், 85 மி.மீ. பீரங்கி டரெட் இரண்டுமே உள்ளே இருக்கும். வார்கேமுக்கென்றே செய்தது. ஒரு டேங்குக்கு நீங்கள் செலவழிக்கப்போகிற நேரத்தைக் கணக்குப் போட்டால் அதுதான் மலிவு.


கார்த்தி_72 எழுதியது:

யோசித்தேன் அண்ணா. ஆனால் இந்தப் பத்தும் கையில் இருக்கிறது. இதற்கு மேல் கப்பல் செலவும் சுங்கமும் சேர்த்துப் போட இப்போது முடியாது. அதுவும் போக, உட்கார்ந்து இதைச் சரிசெய்கிற வேலையே எனக்குப் பிடிக்கும்.


பழைய தூரிகை எழுதியது:

அப்படியென்றால் சரி. வேலையைத் தொடங்குமுன் ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். உண்மையான டி-34/85-இன் உடல் நீளம் சுமார் 6.1 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். 1/72 என்றால் நீளம் 84.7 மி.மீ., அகலம் 41.7 மி.மீ. வரவேண்டும். 1/76 என்றால் 80.3, 39.5. பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பழைய அச்சை வாங்கி, மேலே வேறு எண்ணைப் போட்டு விற்பது இந்தத் தொழிலில் நடக்கிற விஷயம்தான்.


கார்த்தி_72 எழுதியது:

அளந்துவிட்டேன். நீளம் 80, அகலம் முப்பத்தொன்பதரை. அப்படியே 1/76. இப்போது என்ன செய்வது? எதிராளியின் பாந்தர்கள் (ஜெர்மன் டேங்க்) எல்லாம் 1/72.


பழைய தூரிகை எழுதியது:

ஒன்றும் செய்யவேண்டாம். பத்தும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம். பாந்தர் நிஜத்திலேயே டி-34-ஐவிட நீளமும் அகலமும் கூடிய வண்டி. மேசையில் அது இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் யாருக்கும் உறுத்தாது. பிற்பாடு 1/72-இல் டி-34/76 வாங்கிச் சேர்த்தால் மட்டும் ஒரே பிளட்டூனில் கலக்காதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் உடனே தெரிந்துவிடும். வேறு கம்பெனியாக வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் எல்லாக் கணக்கையும் 1/76-இல் போடுவோம்.

அப்புறம் உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் கட்சி இதுதான்: மேசையில் டேங்கைக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளி நின்று, மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். அந்தத் தூரத்தில் டி-34-ஐ டி-34 என்று காட்டுவது மூன்று விஷயம்: சாய்ந்த முன்தகடு, டிராக் படுத்திருக்கிற விதம், நேரான நீளமான குழல். முன்தகட்டின் சாய்வு உங்கள் கிட்டில் சரியாகத்தான் இருக்கும், அதைக் கெடுப்பது கடினம். மீதி நேரத்தில் பாதியை டிராக்குக்குக் கொடுங்கள்.

டி-34-இன் சக்கர அமைப்பு கிறிஸ்டி என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்த வகை. பாந்தருக்கும் டி-34-க்கும் பெரிய சக்கரங்கள் உண்டு. ஆனால் அமெரிக்க ஷெர்மன் டேங்கில் பார்க்கிற மாதிரி மேல்பக்கம் டிராக்கைத் தாங்கத் தனிச் சின்ன உருளைகள் டி-34-க்குக் கிடையாது. முன்னே திரும்பி வருகிற டிராக், பெரிய சக்கரங்களின் தலைமேலேயே படுத்துக்கொண்டு போகும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் கொஞ்சம் தொய்யும். இரண்டாவது, மூன்றாவது சக்கரங்களுக்கு இடையே இடைவெளி மற்றதைவிடக் கூடுதல் என்பதால் அங்கே தொய்வும் கூடுதல். ரப்பர் டிராக் இதற்கு நேரெதிராக, துணிக்கொடி கட்டின மாதிரி விறைப்பாக நிற்கும். எவ்வளவு நன்றாக வண்ணம் பூசினாலும் அந்த ஒரு விறைப்பு போதும், வண்டி பொம்மை ஆகிவிடும்.

சரிசெய்கிற விதம்: முதலில் டிராக்கைப் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அச்சில் பூசின எண்ணெய் போகாவிட்டால் பசையும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. கிட்டுக்கு ஒட்டுகிற சாதாரண பிளாஸ்டிக் சிமென்ட் இந்த ரப்பரில் வேலை செய்யாது, ஃபெவிக்விக் வகைதான் வேண்டும். முனைகளை இணைக்கிற இடத்தைக் கீழ்ப்பக்கம், ஏதாவது ஒரு சக்கரத்துக்கு நேர் அடியில் வருகிற மாதிரி வைத்தால் மேலிருந்து பார்க்கிறவர் கண்ணில் படாது. டிராக் குட்டையாக இருந்து இழுத்துப் பிடித்தால், பின்சக்கரமும் முன்சக்கரமும் நாளாவட்டத்தில் உள்பக்கம் சாயும். அப்படி இருந்தால் அந்த அடிப்பகுதியில் வெட்டி, ஒரு சின்ன இடைவெளி விட்டு ஒட்டுங்கள். தரையில் படுகிற இடம், யாரும் பார்க்கப்போவதில்லை.

இனிமேல்தான் முக்கியமான வேலை. ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் ஒரு சொட்டு ஃபெவிக்விக். டிராக்குக்கும் மட்கார்டின் அடிப்பக்கத்துக்கும் நடுவே ஸ்பாஞ்ச் துண்டுகளைச் செருகி, டிராக்கைச் சக்கரத்தின்மேல் அழுத்தி வையுங்கள். சக்கரத்துக்கு நேர் மேலே கெட்டியான துண்டு, இடைவெளிகளில் மெல்லிசான துண்டு. இடைவெளியில் ரொம்ப அழுத்தினால் தொய்வு அலை மாதிரி ஆகிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் ஸ்பாஞ்சை உருவிவிடலாம்.


யாழ் மாடலர் (டொரோன்டோ) எழுதியது:

தூரிகை அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரப்பர் டிராக் பல வருசம் பெட்டிக்குள் கிடந்ததென்றால் கவனம். சில வகை ரப்பரிலிருந்து கசிகிற பொருள் சக்கரத்துப் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். பழைய பெட்டியைத் திறந்தால் டிராக் பட்ட இடமெல்லாம் உருகிக் கிடக்கிறதைக் கண்டிருப்பீர்கள். டிராக் ஒட்டுவதற்கு முந்தியே சக்கரத்தின் ஓரத்துக்கு நல்லாய் ஒரு பூச்சு பெயின்ட் அடித்துக் காயவிடுங்கோ. இரண்டும் நேரே முட்டாமல் இருக்கும்.

பின்பக்கச் சக்கரத்தையும் ஒருக்கால் பாருங்கோ, தம்பி. டி-34-க்கு இழுவைச் சக்கரம் பின்னால்தான். அதில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பற்கள் இருக்கிறதோ?


கார்த்தி_72 எழுதியது:

ஆமாம் அண்ணை, சைக்கிள் பல்சக்கரம் மாதிரி சுற்றி வரப் பல் இருக்கிறது.


யாழ் மாடலர் (டொரோன்டோ) எழுதியது:

அது பிழை. டி-34-இன் இழுவைச் சக்கரம் இரண்டு தட்டு, நடுவில் ஆறு உருளை. டிராக்கின் உள்பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியில் கொம்பு மாதிரி ஒரு பல் இருக்கும். அந்தக் கொம்பை உருளை பிடித்துத் தள்ளுகிறது. ஒரு பக்கத்துக்கு 72 கண்ணி, அதில் 36-க்குத்தான் கொம்பு. உங்களுக்கு உருளை எல்லாம் செய்யத் தேவையில்லை, டிராக் மறைத்துவிடும். பற்களைக் கத்தியால் சீவி, விளிம்பை வட்டமாய்த் தேய்த்துவிட்டால் காணும்.


எட்டாம் நம்பர் பிளேடு எழுதியது:

இது நல்ல திருத்தம். கூடவே ஒன்று: இணையத்தில் மியூசியம் படங்களைப் பார்த்துச் சக்கரத்தை மாற்றப் போகாதீர்கள். பூங்காவிலும் மியூசியத்திலும் நிற்கிற டி-34/85-களில் பல, போருக்குப் பிறகு 1950-களில் செக்கோஸ்லோவாக்கியாவிலும் போலந்திலும் செய்தவை. சோவியத் வண்டிகளிலும் பலவற்றைப் பிற்பாடு புதுப்பித்து, பிற்காலத்து டி-54 டேங்க் வகைச் சக்கரம் மாட்டியிருக்கிறார்கள். நட்சத்திரமீன் மாதிரி கைகள் விரிந்த சக்கரத்தை 1944 வண்டியில் போட்டால் தப்பு. உங்கள் கிட்டில் விளிம்பைச் சுற்றி ஓட்டை உள்ள தட்டையான சக்கரம் இருந்தால் அதுவே சரி, தொடவேண்டாம்.

டரெட் கூரையில் காற்றுப்போக்கிக் குமிழ்கள் இரண்டும் பின்பக்கம் அக்கம்பக்கமாக இருக்கின்றனவா? அது 1944-க்குப் பொருந்தும்.


கார்த்தி_72 எழுதியது:

பின்னால் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. நிம்மதி. குழலுக்கு என்ன செய்யலாம்?


பழைய தூரிகை எழுதியது:

தூக்கிப் போடுங்கள். இரண்டு பாதியை ஒட்டி, தேய்த்து, உருட்டி நேராக்குவதைவிட 2 மி.மீ. பித்தளைக் குழாய் வெட்டிப் போடுவது சுலபம். பிளாஸ்டிக் குழல் வார்கேம் பெட்டியில் எப்படியும் உடையும். நீளம் எவ்வளவு என்று தேடவேண்டாம்: குழலோடு சேர்த்து வண்டியின் மொத்த நீளம் சுமார் 8.1 மீட்டர், உடல் 6.1. ஆக, குழல் முன்முனையைத் தாண்டி 2 மீட்டர் நீட்டவேண்டும், 1/76-இல் சுமார் 26 மி.மீ. டரெட்டை நேராக வைத்து அளந்து வெட்டுங்கள்.

மேன்ட்லெட்டில் (டரெட்டில் குழலின் அடியைச் சுற்றியுள்ள கவசம்) ஓட்டை போட்டு, குழாய் உள்ளே குறைந்தது 5 மி.மீ. போகிற மாதிரி விடுங்கள். மேலோடு ஒட்டினால் முதல் ஆட்டத்திலேயே கழன்றுவிடும். அடிப்பக்கம் குழல் கொஞ்சம் தடிப்பாக இருக்கவேண்டும், அங்கே மெல்லிய டேப்பைச் சுற்றி மேலே எம்-சீல் வழித்துச் சரிவாக்கிவிடுங்கள்.


நிலா_வண்ணம் எழுதியது:

டரெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! கார்த்தி, மேலிருந்து பார்க்கிற விளையாட்டில் கண் முதலில் போவது டரெட்டுக்குத்தான். தூரிகை அண்ணா சொன்ன மூன்றோடு நான்காவதாக இதையும் சேர்ப்பேன்.

டி-34/85-இன் டரெட் வார்ப்பு எஃகு. மணல் அச்சில் வார்த்த சொரசொரப்பு அப்படியே இருக்கும், அவசரமாகச் செய்தவற்றில் இன்னும் கூடுதல். செய்முறை எளிது: நீர்த்த பிளாஸ்டிக் சிமென்ட்டை டரெட்டின் ஒரு பக்கத்தில் தாராளமாகத் தடவுங்கள். சில வினாடிகளில் மேற்பரப்பு இளகும். அப்போது முடி உதிர்ந்து கட்டையான பழைய தூரிகையால் நேராகக் குத்திக் குத்தி எடுங்கள். இழுக்கக்கூடாது, குத்தத்தான் வேண்டும். கோடு விழுந்தால் கெட்டுப்போகும். காய்ந்ததும் மிக நைசான உப்புத்தாளால் மேடுகளை மட்டும் லேசாகத் தடவுங்கள். சொரசொரப்பு தெரிந்தும் தெரியாத அளவில் இருந்தால் போதும். இந்த அளவு மாடலில் கையால் தடவினால் உணரவேண்டும், பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கக்கூடாது.

கூரையில் இதைச் செய்யாதீர்கள். டரெட்டின் சுவர்தான் வார்ப்பு, கூரை தனியாக வெட்டி வெல்டு செய்த தகடு, வழவழப்பாகவே இருக்கும். உடலும் அப்படியே, உருட்டிய தகடுகள். சொரசொரப்புக்கும் வழவழப்புக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை வாஷ் (பள்ளங்களில் தேங்குகிற நீர்த்த பெயின்ட்) ஓடவிட்டதும் அது அழகாக எடுத்துக்காட்டும்.

கைப்பிடிகளைக் கண்டிப்பாக மாற்றுங்கள். பழைய டெலிபோன் வயரை உரித்தால் உள்ளே 0.4 மி.மீ. செம்புக் கம்பி இருக்கும், 1/76-க்கு நிஜத்தில் 3 சென்டிமீட்டர் கணக்கு. டி-34-இன்மேல் காலாட்படை தொற்றிக்கொண்டு போவதுதான் அந்தப் படையின் போர்முறை, அதற்குத்தான் உடலிலும் டரெட்டிலும் அத்தனை கைப்பிடி. அது பிளாஸ்டிக் மேடாக இருந்தால் எனக்கு மனசே ஒப்பாது.


பழைய தூரிகை எழுதியது:

டரெட்டில் நிலா சொல்வது நூற்றுக்கு நூறு. கைப்பிடியில் எனக்கு ஒப்புதல் இல்லை. பத்து வண்டி, வண்டிக்கு ஏழெட்டுக் கைப்பிடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓட்டை. அதில் போகிற நேரத்தில் பத்து வண்டிக்கும் டிராக்கைச் சரிசெய்து முடித்துவிடலாம். ஆட்டத்தில் விரல் மாட்டி முதலில் வளைவதும் அதுதான். மேட்டின் அடியில் கறுப்பு வாஷ் ஓடவிட்டு, மேல் விளிம்பில் வெளிர்பச்சைக் கோடு இழுத்தால் ஒரு மீட்டரில் கம்பி மாதிரியே தெரியும்.


நிலா_வண்ணம் எழுதியது:

ஓட்டை போட்டு, உள்ளே ஃபெவிக்விக் விட்டுச் செருகின செம்புக் கம்பி வளையும் அண்ணா, உடையாது. வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கம்பியின் நிழல் தகட்டின்மேல் தனியாக விழும் பாருங்கள், பெயின்டால் அதைக் கொண்டுவர முடியாது.


எட்டாம் நம்பர் பிளேடு எழுதியது:

இதில் நான் நிலா பக்கம். ஆனால் பத்துக்கும் என்றால் யோசிக்கவேண்டியதுதான்.

இன்ஜின் கம்பிவலைக்கு: பின்பக்கம் விசிறிக்கு மேலே வரும் வலை இது. கொசுவலை போடாதீர்கள், கண் ரொம்பப் பெரிது, மீன்வலை மாதிரி தெரியும். பழைய டீ வடிகட்டியின் எஃகு வலை நல்ல பொருத்தம். கோடு கிழித்த இடத்தின் அளவுக்கு வெட்டி, லேசாக மேல்நோக்கி வளைத்து, நான்கு ஓரத்திலும் ஒட்டிவிடுங்கள். வெட்டுமுன் அந்த இடத்துக்குக் கறுப்பு அடித்துவிட்டால் அடியில் ஆழம் இருக்கிற மாதிரி தெரியும். ஒரு வடிகட்டியில் பத்து வண்டிக்கும் வந்துவிடும்.


யாழ் மாடலர் (டொரோன்டோ) எழுதியது:

ஆடுகிற வசதியையும் யோசியுங்கோ. மலிவு கிட் எல்லாம் இறகு போல, சட்டை முனை பட்டாலே நகரும். உடலின் இரண்டு பாதியையும் மூடுவதற்கு முந்தி உள்ளே நட்டு, வாஷர் ஏதாவது போட்டு எம்-சீலால் பூசிவிடுங்கோ. ஆடுகிற நட்டு பிறகு கிலுகிலுப்பை போலச் சத்தம் போடும். டரெட் வளையத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்னக் காந்தம் வைத்தால் டரெட் திரும்பவும் செய்யும், தலைகீழாய்ப் பிடித்தாலும் விழாது. ஒட்டுவதற்கு முந்தி எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் தள்ளும் என்று பேனாவால் குறித்துவையுங்கோ. பத்து வண்டிக்கும் ஒரே திசையில் வைத்தால் எந்த டரெட்டும் எந்த உடலிலும் இருக்கும்.


கார்த்தி_72 எழுதியது:

முதல் வண்டி டிராக்கோடு முடிந்தது. இப்போதுதான் இது டி-34 மாதிரி இருக்கிறது! இரண்டாவது மூன்றாவது சக்கரத்துக்கு நடுவில் அந்தத் தொய்வு வந்ததும் வண்டியே கனமாகிவிட்ட மாதிரி ஒரு தோற்றம். பற்களைச் சீவியதும் நல்லதாயிற்று. டரெட்டில் சிமென்ட் குத்தினது நிலா அக்கா சொன்ன மாதிரியே வந்தது.

இனி வண்ணம். எந்தப் பச்சை? டரெட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்ட படங்கள் பார்த்தேன், அழகாக இருக்கிறது. அதைப் போடலாமா?


நிலா_வண்ணம் எழுதியது:

வெள்ளைக் கோடு வேண்டாம். நீங்கள் பார்த்தது 1945 வசந்தத்தில், பெர்லின் சண்டை நேரத்துப் படங்களாக இருக்கும். நேச நாட்டு விமானங்கள் தங்கள் வண்டி எது என்று மேலிருந்து அடையாளம் காணப் போட்டது. பக்ராத்தியோன் தொடங்கியது 1944 ஜூன் 22, மின்ஸ்க் விடுபட்டது ஜூலை 3. உங்கள் கம்பெனிக்கு டரெட்டில் வெள்ளை எண் மட்டும் போதும். தூரிகையாலேயே எழுதுங்கள், அவர்களும் கையால்தான் எழுதினார்கள். ஏழும் ஒன்றும் கொஞ்சம் கோணலாக வந்தால் நன்றாகவே இருக்கும்.

பச்சைக்கு 4பிஓ என்பது சோவியத் பெயர். எந்த பிராண்டில் வாங்கினாலும் புட்டியில் உள்ளதைவிட ஒரு பங்கு வெளுப்பாக்குங்கள், வெள்ளையால் வேண்டாம், மஞ்சள் கலந்த மணல் நிறத்தால். சின்ன அளவில் கரும்பச்சை அடித்தால் மேசை விளக்கில் கறுப்பாகத்தான் தெரியும். கோடைக்காலம், மண்சாலை, அதனால் கீழ்ப்பாதிக்கும் மட்கார்டுக்கும் தூசி நிறம். அது டிராக்கின் ரப்பர் பளபளப்பையும் மறைத்துவிடும்.


பழைய தூரிகை எழுதியது:

கடைசியில் மேட் வார்னிஷ். சென்னையில் இருக்கிறீர்கள் என்றால் மழை நாளில் ஸ்ப்ரே டின்னைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும், கரும்பச்சைமேல் அது அசிங்கமாகத் தெரியும். வெயில் ஏறின பிறகு, டின்னும் மாடலும் ஒரே சூட்டில் இருக்கும்போது, மெல்லிசாக இரண்டு தடவை. அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை என்றால் தூரிகையால் பூசுகிற அக்ரிலிக் வார்னிஷ் வாங்கிவிடுங்கள்.


கார்த்தி_72 எழுதியது:

சென்னைதான் அண்ணா. தூரிகை வார்னிஷே வாங்கிவிடுகிறேன்.

கைப்பிடி விஷயத்தில் இப்படி முடிவு செய்திருக்கிறேன்: மூன்று பிளட்டூன் லீடர் வண்டிக்கும் கம்பெனி கமாண்டர் வண்டிக்கும் கம்பி, மற்ற ஆறுக்கும் பெயின்ட். எங்கள் விதிகளில் லீடர் வண்டி எது என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும், அதற்கும் உதவும். கூடவே லீடர் வண்டிகளின் பக்கவாட்டில் ஒரு மரக்கட்டை கட்டலாம் என்று நினைக்கிறேன். சேற்றில் மாட்டினால் டிராக்குக்கு அடியில் போட்டு ஏறுகிற கட்டை. பெலாரஸ் சதுப்பு நிலத்துக்குப் பொருத்தமாக இருக்குமா?


எட்டாம் நம்பர் பிளேடு எழுதியது:

ரொம்பப் பொருத்தம். சோவியத் தளபதி ரோகஸோவ்ஸ்கியின் போர்முனையில் சதுப்பு நிலத்தின்மேல் மரக்கட்டைகளை அடுக்கிச் சாலையே போட்டுத்தான் டேங்குகளைக் கொண்டுவந்தார்கள். கட்டை 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால் உங்களுக்கு இரண்டரை மி.மீ.-க்குச் சற்றுக் கூட. காய்ந்த வேப்பங்குச்சி எடுங்கள், பட்டையோடு. அந்த அளவுக்கு அதன் பட்டைக் கோடு கச்சிதமாக இருக்கும். இரண்டு இடத்தில் நூலால் கட்டி, முடிச்சை உள்பக்கம் வைத்து ஒட்டிவிடுங்கள். இடது பக்கமா வலது பக்கமா என்பது பிளட்டூனுக்குப் பிளட்டூன் மாறினால் எந்த லீடர் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். குச்சியை ஒட்டுமுன் ஃபெவிகால் கலந்த தண்ணீரில் முக்கி எடுங்கள், பட்டை உரியாது.